கழிப்பதும் காப்பதும்

புத்தாண்டு பிறக்கும்போது மனிதர் உள்ளத்தில் நல்லெண்ணங்கள் சிலவும் உடன் பிறக்கின்றன. அவற்றுட் பல, மாதம் ஒன்று நிரம்புமுன்னரே மறைந்துவிடுகின்றன என்பது வேறு விடயம். வைகறையில் துயில் எழுதல், வெற்றிலையை விடுதல், நாட்குறிப்பு எழுதுதல், கடன் வாங்காதிருத்தல் என நீளும் அந்தப் பட்டியலில் ஆண்டுதோறும் தவறாது இடம்பெறுவது ஒன்றுண்டு. இந்த ஆண்டிலாவது வீட்டில் வேண்டாது கிடக்கும் பொருள்களை அகற்றிவிட வேண்டும் என்பதே அது.

தமிழராகிய நமக்கு இவ்வகையில் ஒரு வசதியும் உண்டு. ஏனையோர்க்குப் புத்தாண்டு ஒன்று. நமக்கோ தவணைகள் பல. ஜனவரி முதலாம் நாள் தவறினால் தைப்பொங்கல் வருகின்றது. தை தவறினால் சித்திரை வருடப்பிறப்பு வருகின்றது. அதுவும் தவறினால், நயினை நாகபூசணி அம்மன் உற்சவத்திற்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் வருமுன் ஆனி மாதத்திலேனும் செய்துவிடலாம் என்று மனம் அமைதி கொள்கின்றது. தவணை மிகுந்த கடன் தீர்வதில்லை என்பதை உலகியல் அறிந்தோர் அறிவர்.

ஒரு வீட்டைத் துப்புரவு செய்வது இத்துணை அரிதாவது ஏன்? சோம்பல் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயின் அது முழுவிடையன்று. அதிலும் ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை பரந்து கிடக்கும் நம் தீவகத்து வீடுகளைப் பொறுத்தவரை, பொருளைச் சேர்த்து வைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமல் விளக்குமாற்றைக் கையில் எடுத்தல் தகாது என்பது நமது கருத்து.

பரண் நீதிமன்றம்

தீவகத்து வீட்டுப் பரணைப் பற்றி நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வேலணையிலாயினும் புங்குடுதீவிலாயினும் அனலைதீவிலாயினும் பரணிற் கிடப்பவை ஏறக்குறைய ஒன்றே. நமது இல்லத்துப் பரணையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர் ஏணி சாத்தி இறக்கப்பட்டவை வருமாறு: மூக்கு அடைபட்ட மூக்குப்பேணி ஒன்று, அடி கழன்ற நீத்துப்பெட்டி ஒன்று, அரிக்கன் லாம்பு மூன்று, அவற்றுட் கண்ணாடி உடையது ஒன்று, வெறும் பால்மாப் பேணிகள் பதினேழு, கம்பி மாத்திரம் எஞ்சிய குடைகள் நான்கு, சைக்கிள் டைனமோ ஒன்று, ஜாம் போத்தல்கள் ஒரு கடகம் நிறைய, மூடியில்லாத பிளாஸ்டிக் பெட்டிகளும் பெட்டியில்லாத மூடிகளும் பல, எக்கருவிக்கு உரியன என்று எவருக்கும் தெரியாத மின்கம்பிகள் ஒரு பை. இவற்றுக்கெல்லாம் அடியில், பழைய சேலைத் துண்டினாற் கட்டப்பட்ட தகரப்பெட்டி ஒன்று.

இவையனைத்தும் முற்றத்தில் வரிசையாக வைக்கப்பட்டதும் ஒரு நீதிமன்றமே கூடிவிட்டது. பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கறிஞர் தோன்றினார். மின்கம்பிகளுக்காக மகன் வாதாடினான். பால்மாப் பேணிகளுக்காக இல்லாள் பேசினார். மிளகாய்த்தூள், மல்லித்தூள், ஒடியல் மா ஆகியவற்றை வேறெதில் இட்டுவைப்பது என்பது அவர் வினா. ஜாம் போத்தல்களை ஒருபுறம் ஒதுக்கியபோது, திண்ணையிலிருந்த அம்மா எழுந்தே வந்துவிட்டார்.

"உந்தப் போத்தலை எறியாதை தம்பி. கரண்ட் இல்லாத காலத்திலை உதுதான் எங்களுக்கு விளக்கு."

அதற்கு மறுமொழி கூறுதல் எளிதன்று. மாலையில் வழக்குகள் யாவும் முடிந்தபோது, கழிக்கப்பட்டவை இரண்டு குடைகளும் ஐந்து மூடிகளும் மாத்திரமே. ஏனையவை துடைக்கப்பட்டு, முன்னையிலும் ஒழுங்காகப் பரணுக்கே மீண்டன. இதனை ஒரு வீட்டின் கதையாக நேயர்கள் கொள்ளவேண்டாம். தத்தம் பரணை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்களாக.

ஒருநாளைக்கு உதவும்

"கிடக்கட்டும், ஒருநாளைக்கு உதவும்" என்பது நம் தாய்மாரின் மந்திரம். இம்மந்திரம் வெறும் பற்றினாற் பிறந்ததன்று. தீவுகளில் வாழ்வோர்க்கும் கடைத்தெருவுக்கும் இடையே கடல் கிடந்தது. நெடுந்தீவார் ஓர் ஆணி வேண்டுமாயினும் வள்ளம் ஏறவேண்டியிருந்தது. காற்று மிகுந்த காலத்தில் அவ்வள்ளமும் ஓடாது. ஆகவே, பழைய பலகையிற் கழற்றிய ஆணியை நிமிர்த்தி ஒரு பேணியில் இட்டுவைப்பது உலோபமன்று, அறிவுடைமை.

அக்காலத்து வீட்டுப் பொருள்களின் இயல்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூரையில் வேய்ந்த பனையோலை பழுதானால் தோட்டத்துக்கு எருவாயிற்று. கிழிந்த பாயும் முறிந்த கடகமும் அடுப்பிலே எரிந்தன. சிரட்டை அகப்பையாயிற்று, அல்லது கரியாயிற்று. நெடுந்தீவாரோ தம் நிலத்திற் கிடைத்த முருகைக் கற்களையே சாந்தின்றி அடுக்கி வேலி அமைத்தனர். வேலி சரிந்தால் அதே கல் மீண்டும் வேலியாயிற்று. பழையது என்பது ஒன்றிருந்தது. குப்பை என்பது பெரும்பாலும் இல்லை. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே மீண்டது. அத்தகைய வீட்டுக்குத் துப்புரவு விரதம் ஒன்று தேவைப்பட்டதில்லை.

பின்னர் 1990 ஆம் ஆண்டு முதலாகப் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் வந்தன. மண்ணெண்ணெயைச் சிக்கனமாக எரிக்க ஜாம் போத்தல் விளக்காயிற்று. மின்கலம் கிடையாதபோது, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் விசையில் வானொலிச் செய்தி கேட்டோம். அவ்வொளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர் இன்று உயர்ந்த நிலையில் உள்ளனர். வேண்டாதது என்று ஒருவர் எறிந்த போத்தலை மற்றொருவர் தேடித் திரிந்த காலம் அது. அக்காலத்தைக் கடந்து வந்த ஒருவரிடம், இப்போத்தலை ஏன் வைத்திருக்கின்றீர் என்று வினவுதல் பேதைமையன்றோ? அவர் வைத்திருப்பது போத்தலை அன்று. மீண்டும் இருள் வந்தால் என் செய்வது என்ற அச்சத்துக்கு ஒரு மருந்தை.

எறிவதற்கு இடம் எங்கே?

எனினும் காலம் மாறிவிட்டது, பொருள்களும் மாறிவிட்டன. இன்று நம் வீடுகளை நிரப்புவது பனையோலை அன்று. நெகிழியும் தகரமும் மின்கருவிகளும். இவை எருவாவதுமில்லை, இலகுவில் மக்கிப் போவதுமில்லை. கொல்லையிற் கிடந்தால் தீமையே செய்கின்றன.

யாழ்ப்பாணத்தில் மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை பெய்து ஓய, புத்தாண்டு பிறக்கும் அதே காலத்தில் டெங்குக் காய்ச்சலும் பெருகுகின்றது. அந்நோயைப் பரப்பும் நுளம்பு குளத்தையும் கடலையும் தேடுவதில்லை. சிரட்டையிலும் பேணியிலும் யோகட் கோப்பையிலும் தேங்கிய தெளிந்த நீரையே நாடுகின்றது. முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதுமானது. நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிருடன் கிடக்கவல்லது. ஆதலால் கொல்லைப்புறத்திற் குவிந்த பேணிகளை மழைக்கு முன்னரே அகற்றுதல் அழகுக்காக அன்று. வீட்டுப் பிள்ளைகளின் உயிருக்காக.

அகற்றுதல் என்றதும் தீமூட்டுதலையே பலர் நினைக்கின்றனர். தமிழகத்தில் போகிப் பண்டிகையன்று பழையவற்றைத் தெருவில் இட்டு எரிக்கும் வழக்கம் உண்டு. பாயும் துடைப்பமும் எரிந்த காலத்தில் அது தீங்காகவில்லை. டயரும் நெகிழியும் சேர்ந்தபின் சென்னை நகரத்தார் போகிக் காலையில் நச்சுப் புகையில் கண்விழிக்கின்றனர். எரிக்கவேண்டாம் என்று அரசு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. நம்மிடையே போகி அத்துணைச் சிறப்பாக இல்லையாயினும், மாலைதோறும் வளவின் மூலையில் எரியும் சிறு போகிகள் பல. நம் நாட்டில் நெகிழி உள்ளிட்ட கழிவுகளைத் திறந்த வெளியில் எரித்தலை 2017 ஆம் ஆண்டிலேயே விதி செய்து தடுத்துள்ளனர்.

தீவுகளில் வாழ்வோர்க்கு இன்னுமொரு காரணமும் உண்டு. நம் காலடியில் இருப்பது சுண்ணக்கல்லும் மணலும். மேலே ஊற்றியது கீழே இறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது. தீவுகளின் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம் போன்றது. வேலணைச் சாட்டிப் பகுதிக் கிணறுகளின் அருமையை, கோடையில் ஒரு குடம் குடிநீருக்குக் காத்து நின்றோர் அறிவர். நகரத்தவர் குப்பையை வெளியே எறிந்தோம் என்று சொல்லித் தப்பலாம். சுற்றிலும் கடல் சூழ்ந்த ஊரில் வெளி என்று ஓர் இடம் இல்லை. எறிந்தது நம் கிணற்றிலோ, நம் மீனிலோ, நம் கரையிலோ மீண்டும் நம்மையே வந்தடைகின்றது.

ஆகவே துப்புரவின் முதற் பாடம் வாங்குமிடத்திலேயே தொடங்குகின்றது. வீட்டுக்குள் ஒரு பொருள் நுழையும்போதே, இது கெட்டபின் எங்கே போகும் என்று கேட்பவர் பரணைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை.

உலகோர் கூறும் வழிகள்

இத்தொல்லை நமக்கு மாத்திரம் உரியதன்று. யப்பானியர் ஆண்டிறுதியில் வீடு முழுவதையும் துப்புரவு செய்வதை ஒரு சடங்காகவே கொண்டுள்ளனர். அந்நாட்டைச் சேர்ந்த மரியே கொண்டோ என்னும் அம்மையாரின் நூல் 2014 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. பொருள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இஃது உள்ளத்துக்கு மகிழ்ச்சி தருகின்றதா என்று வினவுக. தராததை நன்றி கூறி விடுக என்பது அவர் காட்டும் நெறி. மூன்று மக்களுக்குத் தாயான பின்னர், வீட்டொழுங்கை முன்போற் பேணுதலைத் தாம் சற்று விட்டுவிட்டதாக 2023 ஆம் ஆண்டில் அவரே மொழிந்தது, உலகத்து இல்லத்தரசியர் பலருக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

சுவீடன் நாட்டு மார்கரெட்டா மாக்னுசன் என்னும் முதியவர் 2017 இல் வெளியிட்ட நூலொன்று வேறொரு வழியைக் கூறுகின்றது. தாம் இறந்தபின் பிள்ளைகள் தம் பொருள்களோடு அல்லலுறாவண்ணம், வாழுங்காலத்திலேயே முதியோர் தாமே அவற்றைப் பிரித்துக் கொடுத்துவிடுதல் அவர் நாட்டு வழக்கமாம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் இருவராக வாழும் நம்மூர் முதியோர்க்கு இவ்வழி பொருந்துவதே. பித்தளைக் கிடாரத்தை யாரிடம் கொடுப்பது என்பதைக் கிடாரத்துக்கு உரியவர் சொல்லிவிடுதல் நன்று.

ஆனால், மகிழ்ச்சி தருகின்றதா என்ற ஒரு வினாவாலே நம் வீடுகளை அளந்துவிட முடியாது. காணி உறுதிப்பத்திரம் எவருக்கு மகிழ்ச்சி தரும்? மரணச் சான்றிதழ் எவருக்கு இன்பம் பயக்கும்? அவற்றை எறிந்தவர் படும் பாடோ சொல்லுந்தரமன்று.

ஒரு நாழிகையில் தெரிந்தெடுத்தவை

நம் மக்களுக்கு வீட்டைக் காலி செய்யும் கலை தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். அதனை அவர்கள் ஒரு நாழிகைக்குள் செய்து முடித்தவர்கள். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் போர் நெருங்கியபோது தீவகத்து மக்களுள் மிகப் பலர் வீடுகளை விட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துப் பக்கம் பெயர்ந்தனர். அங்கே சற்று நிலைகொண்டவர்கள் 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்களோடு சேர்ந்து, கொட்டும் மழையில், தென்மராட்சி நோக்கி மீண்டும் நடந்தனர்.

அந்த நாழிகையில் அவர்கள் எதை எடுத்தார்கள்? அலுமாரியை எடுக்கவில்லை, கதிரையையும் வாங்கையும் எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ்களை எடுத்தனர். காணி உறுதிகளை எடுத்தனர். திருமணப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்தனர். சிறிது அரிசி, ஒரு மாற்றுடை, வயோதிபரின் மருந்து. அவ்வளவே. மீண்டும் வாங்கக்கூடியது எது, வாங்கமுடியாதது எது என்பதை எந்நூலும் கற்பிக்காமலே அவர்கள் பிரித்தறிந்தனர். நம் கட்டுரை கூற விழையும் உண்மையும் இதுவே. கழிப்பதற்கும் காப்பதற்கும் அளவுகோல் விலையன்று, அழகன்று, பழைமையுமன்று. இழந்தால் மீண்டும் பெறமுடியுமா என்பதே அளவுகோல்.

எடுக்க முடியாமற்போனோர் பின்னர் பட்ட துன்பம் பெரிது. ஒரு காணியைப் பிறர் பத்தாண்டுகள் தடையின்றி எதிரிடையாக ஆண்டு அனுபவித்தால் அவருக்கே உரித்தாகலாம் என்பது நம் நாட்டுப் பழைய சட்டம். ஊரை விட்டு ஓடியவர் எவ்வாறு தடை செய்வார்? இக்குறையை நோக்கியே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தோர்க்குச் சிறப்பேற்பாடு செய்தது. ஆயினும் வழக்கு என்று வந்தால், சட்டம் கேட்பது கண்ணீரையன்று, சான்றை. பரணின் மூலையில் எலி கடித்துக் கிடக்கும் ஒரு பழைய உறுதி, மூன்று தலைமுறையின் நிலத்துக்குச் சான்றாகலாம்.

இன்னும் சில பொருள்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுங்கால் குரலைத் தாழ்த்துதல் வேண்டும். வெளிநாடு சென்ற தம்பியின் மேசை, மணமாகிச் சென்ற தங்கையின் பாடக்கொப்பிகள் என்பவை ஒருவகை. அவர்களைக் கேட்காமல் அவற்றைக் கழித்தல் முறையன்று. கேட்டுவிட்டால் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். திரும்பி வாராமலும், இறந்தார் என்ற செய்தியும் இல்லாமலும் போன பிள்ளையின் சட்டையும் சைக்கிளும் மற்றொரு வகை. அத்தகைய வீடுகள் நம் நாட்டில் ஒன்றிரண்டு அல்ல. அவ்வறையைத் துப்புரவு செய்யுமாறு சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அஃது அங்குக் கிடக்கும் பொருளன்று, காத்திருப்பது.

நெய்யிலே தோய்த்த ஏடுகள்

பழையன கழிவதும் புதியன புகுவதும் குற்றமாகா என்னும் கருத்தை நன்னூலார் கூறியிருக்கின்றார் என்று, வீட்டைக் காலி செய்ய விரும்புவோர் மேற்கோள் காட்டுவதுண்டு. பவணந்தி முனிவர் அங்கே பேசியது சொல்லையும் வழக்கையும் பற்றி. பெட்டியையும் பேணியையும் பற்றியன்று. மேலும், வழக்கிழந்த சொல் தானே உதிர்வதற்கு அவர் இடங்கொடுத்தாரேயன்றி, எதையும் தீயிலிடச் சொல்லவில்லை. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். வேலணைத்தீவு லைடனாயிற்று, புங்குடுதீவு மிடல்பேர்க் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. இன்று பெருவழக்கில் எஞ்சியது நெடுந்தீவின் டெல்வ்ற் என்ற பெயரே. எவரும் எரிக்காமலே ஏனையவை கழிந்தன. அதுவே இயற்கையான கழிதல்.

இயற்கையல்லாத கழிதலும் உண்டு. பண்டைத் தமிழ் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலைப் பற்றி எழுதியுள்ளார். அங்கே இருந்த ஏடுகளைப் பற்றி அவர் விசாரித்தபோது, பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது என்பதனால், அவை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்ற விடையே கிடைத்தது. எரித்தவர்கள் தமிழின் பகைவர் அல்லர். பக்தியோடும் முறையோடும்தான் எரித்தார்கள். தீயிலிடுமுன் அவற்றை வாசித்துப் பார்ப்பதற்கு ஒருவரும் இலர் என்பதே அங்கு நேர்ந்த குறை. ஆடிப்பெருக்கிலே ஆற்றில் விடப்பட்ட ஏடுகளின் கதையும் இத்தகையதே. இவற்றுக்குத் தப்பிய ஏடுகளிலிருந்துதான் 1887 இல் சீவக சிந்தாமணியும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும் ஐயர் பதிப்பாக வெளிவந்தன. நம் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியதும், யாரோ ஒருவர் வீட்டில் யாரோ ஒருவர் எறியாது வைத்த ஏட்டைக் கொண்டேயாம்.

தீவகத்துக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னில் 1913 ஆம் ஆண்டு பிறந்தவர் தனிநாயகம் அடிகள். அந்தாம் தெ புரொவென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, 1679 ஆம் ஆண்டு சேரநாட்டு அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் பிரதியை அவர் வத்திக்கான் நூலகத்திற் கண்டெடுத்து, 1966 இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் எந்தப் புத்தாண்டிலும் எவரும் அதனைக் கழித்துவிடவில்லை. நாம் நாள்தோறும் வழங்கும் அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு என்பன போர்த்துக்கேயர் தந்த சொற்கள் என்பதை மாணவர் அறிவர். அச்சொற்கள் நம்மிடம் எவ்வாறு வந்தன என்று ஆராய்வோர்க்கு அத்தகைய அகராதி ஒன்று எத்துணைப் பெரிய செல்வம் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

யாழ்ப்பாணப் பொது நூலகம், 1933 ஆம் ஆண்டு க. மு. செல்லப்பா தம் வீட்டில் வைத்து நடத்திய சிறு நூல்நிலையத்திலிருந்து வளர்ந்தது. வீட்டு அலுமாரியே நூலகத்தின் வித்து. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் தொடங்கிய கலவர இரவுகளில் அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அரிய ஏடுகளும் அழிந்தன. கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. நூல்களுள் மீண்டும் அச்சிற் கிடைப்பவை மீண்டுவிட்டன. ஒரே பிரதியாக இருந்தவை மீளவில்லை. அன்று முதல், யாழ்ப்பாணத்து வீடு ஒவ்வொன்றின் பரணும் அந்நூலகத்தின் எஞ்சிய ஓர் அறையாகிவிட்டது எனலாம். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், இத்தகைய வீடுகளிலிருந்தும் நூல், பத்திரிகை, நினைவுமலர் முதலியவற்றைப் பெற்றுப் படியெடுத்துப் பாதுகாத்து வருகின்றது.

மேலே குறித்த தகரப்பெட்டியின் பேச்சுக்கு இப்போது வருவோம். அதனுள் இருந்தவை: உறுதிகள் மூன்று, பாடசாலை ஆண்டுமலர் ஒன்று, கோயில் உற்சவ அறிவித்தல்கள் சில, அந்தியேட்டியன்று வெளியிடப்பட்ட கல்வெட்டுக்கள் பதினொன்று, பெயர் எழுதப்படாத நிழற்படங்கள் ஒரு கட்டு. கல்வெட்டு என்பது நம்மூரில் இறந்தார் நினைவாக அச்சிடும் சிறுநூல். வெளியூர் நேயர் பொருட்டு இதனைக் கூறுகின்றோம். இறந்தவரின் குலமுறை, ஊர், தொழில், உற்றார் யாவும் அதிலுண்டு. அரசாங்க ஏட்டிற் காணாத ஊர் வரலாறு அதிற் காணப்படும். நிழற்படங்களை அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பெயர் சொன்னார். நாற்பத்துமூன்று படங்களுள் ஒன்பதில் இருந்தோரை அவராலும் இனங்காண முடியவில்லை. "ஆச்சி இருந்திருந்தால் சொல்லியிருப்பா" என்று மாத்திரம் கூறினார்.

என்ன செய்யலாம்?

இவ்வளவும் கூறியபின், நேயர்களுக்கு எளிய ஒரு முறையை முன்வைக்கின்றோம். வீடு முழுவதையும் ஒரே நாளிற் கவிழ்த்தல் வேண்டாம். ஞாயிறுதோறும் ஓர் அலுமாரி, அல்லது ஒரு லாச்சி போதும். பொருளைக் கையில் எடுத்ததும் மூன்று வினாக்களை வினவுக. இதனை இழந்தால் மீண்டும் பெறமுடியுமா? இது யாருடையது? வெளியே விட்டால் இஃது எங்கே போகும்?

மீண்டும் பெறக்கூடியதாயின் தயக்கமின்றி விடுக. பதினேழு பேணிகளுள் ஐந்து போதும். ஜாம் போத்தலில் இரண்டை அம்மாவுக்காக வைத்துக்கொண்டு ஏனையவற்றை ஊறுகாய் இடும் அயலாருக்குக் கொடுக்கலாம். உடுப்புக்களைக் கிழியுமுன்னரே கொடுத்தல் வேண்டும். கிழிந்தபின் கொடுப்பது கொடையன்று. தகரத்தையும் கண்ணாடியையும் பழைய மின்கருவியையும் தனித்தனியே பிரித்துச் சேகரிப்போரிடம் ஒப்படைக்கவேண்டும். வளவில் எரித்தலும் கிணற்றருகே புதைத்தலும் ஆகா.

மீண்டும் பெறமுடியாதவை பெரும்பாலும் தாள்களே. அவை ஒரு பெட்டிக்குள் அடங்கும். வீடு நிறைந்த பொருளுள் உண்மையிற் காக்கவேண்டியது ஒரு பெட்டி அளவே என்று காணும்போது, ஏனையவற்றின் மேலுள்ள பற்று தானே தளர்வதை நேயர்கள் உணர்வார்கள். உறுதிகளைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, பிறிதோர் ஊரிலுள்ள உறவினரிடமும் ஒரு படி இருக்கச் செய்தல் நன்று. ஒரே இடத்தில் இருந்தது ஓர் இரவில் அழியும் என்பதை நாம் கண்டவர்களன்றோ? பனையோலை ஏடுகள் கிடைத்தால் வலிந்து பிரிக்கவும், நீரிற் கழுவவும் வேண்டாம். உலர்ந்த துணியிற் சுற்றி அறிந்தோரிடம் காட்டுக.

மாணவர்களுக்கு ஒரு சிறு பணி தருகின்றோம். இவ்விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களை எடுத்துக்கொண்டு பாட்டியாரின் அருகில் அமர்க. யார், எவ்வூர், எந்த ஆண்டு என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுக; பேனை மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். அயர்வு தோன்றினால் ஒரு நாளைக்கு ஐந்து படம் போதும். பரணைப் பொங்கலுக்கும் துடைக்கலாம், சித்திரைக்கும் துடைக்கலாம். பெயர் சொல்லவல்லவர் நம்முடன் இருக்கும் காலத்துக்கு அத்தகைய தவணைகள் இல்லை. ஆதலால் இவ்வாண்டுத் துப்புரவை, நேயர்களே, விளக்குமாற்றோடு அன்றிப் பென்சிலோடு தொடங்குவீர்களாக.